மாடிக்குப் போன சீட்

ஊரில் அவளைக் கேன் அக்கா என்றுதான் சொல்வார்கள். கணவனோடு சேர்ந்து குடிதண்ணீர் கேன் வியாபாரம். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் அவள் ஏறாத படி இல்லை. அந்தப் படிகளிலேயே கட்சியையும் ஏற்றிக்கொண்டு போனாள். பெரிய கட்சி. அவள் பிறப்பதற்கு முன்பே நாட்டை ஆள ஆரம்பித்த கட்சி அது. அங்கே தேர்தல் என்பது சாப்பிட்டுக் கை கழுவியவனிடம் பசிக்கிறதா என்று கேட்பது போல. பெரிய கட்சியின் சீட் யாருக்கு என்பதுதான் உண்மையான தேர்தல்.

அந்தப் பொதுத்தேர்தலில் தொகுதிக்கு ஒரு பெண்ணை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கேன் அக்கா நல்ல புடவை இரண்டை இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

ஒருநாள் காலை மாவட்டச் செயலாளரின் கார் வாசலில் நின்றது. காலிக் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"வாங்கண்ணே, உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா. டாக்டர் மேல இருக்காங்களா?"

மாடியில் இருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. பல் டாக்டர். செயலாளரின் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கியவள். கட்சியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேன் அக்காவே முன்னால் நடந்து மாடிப்படியைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் மேலே கைதட்டல் கேட்டது.

"சீட் நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு, சந்தோஷப்படேன்" என்றான் கணவன்.

"வீட்டுக்கு வரல. மாடிக்கு வந்திருக்கு."

இருந்தாலும் ஓரகத்தியை அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் போனாள். பழகிய கதவுகள்தான். ஆனால் திறந்தவர்களின் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போனது. "டாக்டரம்மா சிரிச்சாலே அழகா இருக்கு" என்றார்கள். பல் டாக்டர் பல்லைக் காட்டுவதில் என்ன அதிசயம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு தெருமுனைக் கூட்டத்தில் ஓரகத்தி அவள் தோளில் கைவைத்து, "எங்க அக்கா எனக்காக எப்படி அலையறாங்க பாருங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்காக. அந்த ஒரு வார்த்தை மீன்முள் மாதிரி தொண்டையில் மாட்டிக்கொண்டது.

மனுத்தாக்கல் முடிய இன்னும் நாள் இருந்தது. மறுநாளே, எதிர்த்து நிற்கும் சின்னக் கட்சியின் அலுவலகப் படியேறினாள். அதன் தலைவர் சைக்கிள் கடைக்காரர், ஒவ்வொரு தேர்தலிலும் நின்று தோற்பவர்.

"நான் நிக்கறேன்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோத்துடுவீங்கம்மா."

"தெரியும்."

"அப்போ சரி. எனக்கும் ஒரு தடவை ஓய்வு கிடைக்கும்."

ஒரே வீட்டில் மேலே ஒரு கொடி, கீழே ஒரு கொடி. அண்ணனும் தம்பியும் வாசலில் எதிரே வந்தால் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் ஓரகத்தி கீழே இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"என்மேல கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல. பொறாமை."

ஓரகத்தி இதை எதிர்பார்க்கவில்லை. "நான் கேக்கவே இல்லக்கா. அவங்களாத்தான் வந்தாங்க."

"அதான்டி. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

பெரிய கட்சி எப்போதும்போல நாடு முழுக்க வாரிக்கொண்டது. தொகுதியும் டாக்டருக்கே. ஆனால் கேன் அக்காவின் தெருக்கள் ஓட்டுப்போட்ட பெட்டியில் மட்டும் அவள் முந்தியிருந்தாள். சின்னக் கட்சி எந்தப் பெட்டியிலும் முந்தியதாக யாருக்கும் ஞாபகமில்லை. எண்ணும் மண்டபத்தில் சைக்கிள் கடைக்காரர் கண்கலங்கிவிட்டார். அவளும் நிமிர்ந்து நடந்தாள்.

வாசலில் பெரிய கட்சி ஆள் ஒருவன் வழிமறித்தான். "உங்க தெருவுக்குள்ள எங்க ஆளுங்க யாரையும் விடலக்கா டாக்டரம்மா. அது எங்க அக்கா தெரு, அங்க போய் ஓட்டுக் கேக்காதீங்கன்னுட்டாங்க."

ஜெயித்த அந்த ஒரு பெட்டியும் கையில் இருந்தே நழுவிப்போனது. அது தன் கால் ஏறி இறங்கிச் சம்பாதித்ததா, ஓரகத்தி விட்டுக்கொடுத்ததா? பெருந்தன்மையிலும் மாடிக்காரியே முந்திக்கொண்டாள். அன்று முழுக்க ஏற்கெனவே கழுவிய கேன்களை மறுபடி கழுவினாள்.

சின்னக் கட்சியை அவள் விடவில்லை. அங்கே கூட்டம் போட்டால் அவள் பேசித்தான் முடியும்; பேச வேறு ஆளில்லை. ஓரகத்தி தலைநகரத்துக்குப் போனாள். சபைக் கூட்டம் டிவியில் வந்தால் கேன் அக்கா சத்தத்தைக் கூட்டி வைப்பாள். கடைசி வரிசையில் ஓரகத்தியின் தலை தெரியும். வாய் திறந்து பார்த்ததில்லை.

விடுமுறைக்கு வந்தவள் நேரே கீழ்வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"அங்க நமக்கு ஒரு வேலையும் இல்லக்கா. தூக்குன்னா கையத் தூக்கணும், எறக்குன்னா எறக்கணும். அவ்வளவுதான்."

"பாவம்டி" என்றாள் கேன் அக்கா. உண்மையாகவே பாவமாகத்தான் இருந்தது. காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். ஓரகத்தி டம்ளரை வாங்கும்போது கேன் அக்கா அந்தக் கையையே பார்த்தாள். தூக்குவதற்காவது அங்கே ஒரு கை வேண்டியிருக்கிறதே, அது என் கையாக இருந்தால் என்ன என்று நினைத்தாள்.