அண்ணனின் இரண்டு மாத்திரைகள்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு காலை, புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் நடந்தது இது. கோலாலம்பூரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அண்ணன், அண்ணி, நான் மூவரும் புறப்பட்டிருந்தோம். அண்ணனுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். காலை மாத்திரைகளை வீட்டிலேயே போட்டுக்கொண்டார். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை ரயிலில் சாப்பிடலாம் என்று கையோடு எடுத்து வந்திருந்தார்.

நடைமேடையில் அவர் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. விரல்கள் நடுங்கின. டிக்கெட் எங்கே என்று கேட்டேன்.

"மாடு தின்னிருச்சு."

எங்கள் வீட்டில் மாடே கிடையாது. பக்கத்து பெஞ்சிலிருந்தவர், "காலையிலேயே தண்ணி ஏத்திட்டாரு போல லா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு, ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். மலாக்காவில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர் என்றார். அண்ணனின் கையைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்றிருந்தது. "அண்ணே, முழுங்க முடியுமா?" என்று கேட்டார். அண்ணன் தலையசைத்தார். கடையில் சிராப், அந்தச் சிவப்புச் சீனிப்பாகுத் தண்ணீர், வாங்கி வரும்படி அந்தப் பெண் என்னிடம் சொன்னார்.

வாங்கி வந்த குவளையை அண்ணி கையால் மூடிக்கொண்டார். "தேத்தண்ணிக்கே நான் இவருக்குச் சீனி போடுறதில்ல. சிராப்பா? கொல்லப் பாக்குறீங்களா?"

"அக்கா, சீனி ஏறிப்போய் இல்ல, இறங்கிப்போய்தான் இப்படி ஆவுறாரு. மயங்கிட்டா அப்புறம் வாயில ஊத்தவும் முடியாது."

அண்ணி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே குவளையை அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தெளிந்தார். டிக்கெட் அவர் பையிலேயே இருந்தது. நாசி லெமாக்கையும் அங்கேயே சாப்பிட வைத்தோம். என்ன மாத்திரை போட்டார் என்று அந்தப் பெண் கேட்க, அண்ணன் இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று அரசாங்க கிளினிக்கில் வாங்கியது. அதில் வேகம் போதவில்லை என்று தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போய், பழைய மருந்தைப் பற்றி வாயே திறக்காமல் வாங்கியது மற்றொன்று. நிறம் வேறு, பெயரும் வேறு. அந்தப் பெண் அட்டைகளைத் திருப்பி, பெரிய பெயருக்குக் கீழே இருந்த சிறிய எழுத்தைக் காட்டினார்.

"கம்பெனிதான் ரெண்டு. உள்ள இருக்கிற மருந்து ஒன்னுதாண்ணே. டபுள் டோஸ் போட்டிருக்கீங்க."

ரயில் வந்தது. "இப்பத்தான் நல்லாயிட்டேனே, ஏறுங்க" என்று அண்ணன் கதவில் காலை வைத்தார்.

"சிராப்போட வேலை சீக்கிரம் முடிஞ்சிரும். மாத்திரையோட வேலை இன்னும் ரொம்ப நேரம் இருக்கு. மறுபடியும் இறங்கும், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் அவர்.

அண்ணி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீங்க இல்லாமலே தாலி கட்டுவாங்க. இறங்குங்க!"

அந்தப் பெண் போக வேண்டியதும் அதே ரயில்தான். அதை விட்டுவிட்டு எங்களோடு வாடகைக் காரில் வந்தார். வழி முழுக்க அண்ணனைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். அவசரப் பிரிவில், சாப்பிட்டிருந்தும் அண்ணனுக்குச் சீனி மீண்டும் சரிந்தது. உடனே ஊசிவழி குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரயிலில் ஏறியிருந்தால் அந்த இரண்டாவது சரிவு நாங்கள் இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்தபோது வந்திருக்கும்.

தெளிந்துவிடுவதும் ஆபத்து நீங்கிவிடுவதும் ஒன்றல்ல என்பதை அன்று பார்த்தேன். இன்றும் யாராவது "நல்லாயிட்டேன்" என்று சொன்னால், உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.