மிதிக்காமல் விட்ட ஓர் அடி

டீக்கடை காயின் போனில்தான் சேதி வந்தது. குயிலாப்பாளையத்தில் டாக்டர் இன்பநாதன் குடியிருந்த வீட்டுக்காரம்மா பேசினார். "பெரியவரே, டாக்டர் போயிட்டாருங்க. காலையில எழுந்திருக்கவே இல்ல. அவரோட தங்கச்சி மெட்ராஸ்ல இருந்து வந்து எடுத்துனு போயிட்டாங்க. நாலு நாள் ஆச்சு. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல." நான் பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் அவருடைய மொபெட் நின்றது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மலையேறும் குழுவுக்கு டாக்டராக வந்த அவரோடு பனிமலையில் நடந்த நீங்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி என்னையும் கேட்டீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பனியில் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். உப்பளத்தில் இருந்த டாக்டரை நான் அறிவேன். உங்களில் ஒருவரிடம் அவர் சொல்ல நினைத்துச் சொல்லாமல் போன வார்த்தை ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. எப்படியாவது அவரிடம் இது போய்ச் சேர வேண்டும்.

சுனாமியில் கடல் உள்ளே வந்து போன அடுத்த மாதம் டாக்டர் மரக்காணம் உப்பளத்துக்கு வந்தார். மொபெட்டின் பின்னால் எடை மெஷின், பையில் பிரஷர் பார்க்கும் கருவி. நாள்கணக்கில் வெயிலில் நின்று உழைக்கும் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். பெண்கள் விடுவார்களா? "எங்க வெயிட்ட பாத்து நீ இன்னா சார் பண்ணப் போற?" என்றாள் ஒருத்தி. "பனியில பதினோரு கிலோவத் தொலச்சிட்டு வந்தவன்மா நானு. யார்கிட்டயாவது இருக்கான்னு பாக்குறேன்" என்றார். அன்றைக்கே எல்லோரும் மெஷினில் ஏறிவிட்டார்கள்.

உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். பக்கம் பக்கமாக நின்று, ஆளுக்கு ஓர் அடி அகலம், கால்மேல் கால் நெருக்கி மிதித்துக்கொண்டே போவோம். மிதிபடாத இடத்தில் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பு சேறாக வரும். முப்பது வருஷம் எனக்கு இடது பக்கம் மிதித்தவள் என் மனைவி கன்னியம்மா. அவள் இறந்துபோன பிறகு வந்த முதல் மிதி அது. கூட ஆள் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் நான் ஒருவனே மிதித்தேன். பத்தாம் நாள் மேஸ்திரி வந்து பார்த்தார். நான் மிதித்த ஒவ்வொரு தடத்துக்கும் இடது பக்கம் ஓர் அடி அப்படியே கிடந்தது.

"ஏம்பா, பாதிய விட்டு வெச்சிருக்கியே, இத எவன் மிதிப்பான்? ஒம் பொண்டாட்டி வருவாளா?"

சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். டாக்டர் வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஷூவைக் கழற்றினார், பேண்டை மடித்தார், பாத்தியில் இறங்கி நான் விட்டிருந்த இடத்தை மிதிக்க ஆரம்பித்தார். அரை மணியில் மூச்சு வாங்கியது. அவர் மிதித்தது மேடும் பள்ளமுமாக இருந்தது. மறுநாள் நான்தான் திரும்ப மிதித்தேன், அவரிடம் சொல்லவில்லை.

வரப்பில் உட்கார்ந்து என் நாடியைப் பிடித்தபடி கேட்டார்: "சத்தம் கேட்டுச்சா?"

கையை உருவிக்கொண்டேன். ஒன்பது நாளும் இடது பக்கத்தில் கன்னியம்மாவின் கால் சேற்றில் இறங்கி ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் மிதிக்கிற இடத்தில் நான் எப்படிக் கால் வைப்பேன்? பைத்தியம் என்று தெரிந்தால் வேலை போய்விடும். "எழுதிக்குவீங்களா சார்?" என்றேன்.

"மாட்டேன். எழுதித்தான் ஒருத்தனக் கெடுத்தேன்."

பிறகுதான் சொன்னார். பனியில் இருபது நாள் நடந்த பிறகு, அவரும் இன்னொருவரும் தங்கியிருந்த கூடாரத்தில் அந்த இன்னொருவர் மூன்று டம்ளரில் டீ ஊற்றினாராம். "பின்னாடியே ஒருத்தர் வர்றாரே, அவருக்கு" என்றாராம். மனநிலை சரியில்லை என்று எழுதி டாக்டர் அவரைக் கீழே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் மலைக்குச் சேர்க்கவில்லை.

"அஞ்சு நாளா நானும் அந்த ஆளுக்கு நடுவுல இடம் விட்டு, ஒருக்களிச்சுத்தான் படுத்திருந்தேன் பெரியவரே. எனக்கும் காலடி கேட்டுச்சு. நானும் சொன்னா ரெண்டு பேரையும் எறக்கிடுவாங்க. சொல்லல" என்றார். ஷூவை மாட்டிக்கொண்டே, "தூக்கம் இல்ல, சோறு எறங்கல, கண்ணுக்கு வெள்ளையத் தவிர ஒண்ணும் இல்லேன்னா உடம்பு தனியா நிக்கப் பயப்படும். கூட ஒரு ஆள அதுவே செஞ்சிக்கும். அது பைத்தியம் இல்ல. பொழைக்கிறதுக்கு அது கண்டுபுடிச்ச வழி" என்றார்.

அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் கேட்பேன், "அந்த டீ ஊத்துனவருக்கு லெட்டர் போட்டீங்களா சார்?" "நாலு வரி வந்திச்சு. அஞ்சாவது வரல" என்பார். "லெட்டர் வேணாம், நேர்ல போங்க. பயமா இருந்தா நான் கூட வர்றேன்" என்றேன் ஒருநாள். சிரித்தார். "உப்பு சீசன் முடியட்டும், ரெண்டு பேருமா போவோம்" என்றார். என் மாற்றுவேட்டியைத் துவைத்து வைத்திருந்தேன். சீசன் முடிவதற்குள் போய்விட்டார்.

எனக்குக் காலடி கேட்டதை அறிந்த ஒரே ஆள் அவர்தான். எழுதிக்கொண்டிருக்கும் மருமகளுக்கே இன்றுதான் தெரியும். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். பார்க்கட்டும். கேட்டதைக் கேட்டேன் என்று சொல்கிற தைரியம்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். தனக்கு வராததை எனக்கு வரவழைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது டம்ளர் ஊற்றியவரே, உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. டாக்டருக்கும் கேட்டது. மன்னிப்பு அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.