உயர்வு நவிற்சியில் ஒரு மனு

நேற்று தலையணைக்கு இலவம்பஞ்சு அடைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். பாதி தலையணைக்குள் போனது, மீதி என் மூக்குக்குள். இருமி ஓய்ந்தபோது சின்னப்பண்ணன் நினைவு வந்துவிட்டது. அப்புறம் தலையணையில் மனம் போகவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்தடுத்த வாசல். அவருக்கு நூற்பாலையில், பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் புளோரூமில் வேலை. நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன்; பார்த்த பிறகும் பிழைகள் சௌக்கியமாக இருக்கும். ஆனால் கல்யாண வாழ்த்து மடல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. ரோஸ் தாளில் மடல் அச்சடித்து மேடையில் வாசிக்காவிட்டால் அன்றைக்கெல்லாம் தாலி கட்டியதாகவே சேர்த்தியில்லை. அவிநாசியிலிருந்து ஆனைமலை வரை நான் நிலவாக்காத மணப்பெண் குறைவு.

அணிகளில் எது உசத்தி என்று கேட்டால் அப்போது மணிக்கணக்கில் பேசுவேன். உவமை சாது, 'போல' என்று வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். உருவகம் கேட்காமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். தற்குறிப்பேற்றம் கொஞ்சம் புளுகு. தோரணம் காற்றில் ஆடினால் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறது என்று சாதிக்கும். எனக்குப் பிரியம் உயர்வு நவிற்சிதான். மாப்பிள்ளை தோளில் மலையைத் தூக்கி வைக்கலாம். அவருக்கும் வலிக்காது, மலைக்கும் வலிக்காது. கூட்டம் கைதட்டும்.

சின்னப்பண்ணனுக்குப் பஞ்சுத் தூசியால் வறட்டு இருமல். நூல் பண்டல் கட்டும் பக்கம் மாற்றித் தரச் சொல்லி ஒரு மனு எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தார். எழுதி வாசித்தேன்: "இருமினால் ஆலைச் சுவர் அதிர்கிறது. மார்பு உலைக்களமாய்க் கொதிக்கிறது. உயிர் ஒற்றை நூலில் ஊசலாடுகிறது."

"ஏனுங் தம்பி, அத்தனை இல்லீங்களே. ரெண்டு இருமல்தானுங்க."

"ரெண்டு இருமல்னு எழுதுனா மேனேஜர் மிட்டாய் குடுத்து அனுப்பிப்போடுவாருங்ண்ணா."

"கல்யாணத்துக்கு எழுதறாப்லயே இருக்குதுங்க" என்றார் அவர் மனைவி, வாசலில் நின்றபடி. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு அண்ணன் கைநாட்டு வைத்தார்.

மேடையில் வாசிப்பதை ஒருவரும் நம்புவதில்லை. ஆபீசில் எழுத்துக்கு எழுத்து நம்புவார்கள். இவ்வளவு முற்றிய நோயாளியை உள்ளே விட்டால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மேனேஜர் வேலைப் பதிவேட்டிலிருந்தே அவர் பேரை அடித்துவிட்டார்.

நானே ஓடினேன். ஆபீஸ் குமாஸ்தாவிடம், அது சும்மா அலங்காரத்துக்கு எழுதியது என்று விளக்கினேன்.

"அப்ப மனுவுல இருக்கறது பொய்யிங்களா?" என்றார்.

ஆமாம் என்றால் பொய் மனு. இல்லை என்றால் நோய். அணி இலக்கணம் முழுவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்; இதற்கு மட்டும் அதில் சூத்திரம் இல்லை.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்லாத்தானுங் தம்பி எழுதியிருந்தீங்க" என்றார். அந்த வாரமே சட்டி பானையோடு, கொடுமுடிப் பக்கம் மனைவியின் ஊருக்குக் குடிபோனார்கள்.

லைன் வீடு இப்போது இல்லை. ஆலையையும் மனை போட்டு விற்றுவிட்டார்கள். "தப்பு என்னுதுங்ண்ணா" என்று, எந்த அணியும் இல்லாமல் ஒரு வரி எழுத இன்றைக்கு எனக்கு வரும். கொடுமுடிப் பக்கம் எந்த ஊர் என்றுதான் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.