கழுதைக்கு வந்த மரியாதை

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம், காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் அண்ணன், அக்கா, நான் மூவருக்கும் சீட்டு என்றால் கழுதை ஆட்டம்தான். கடைசிவரை கையில் சீட்டு மிஞ்சியவர்தான் கழுதை. அடுத்த ஆட்டம்வரை அவருக்கு வேறு பெயரே கிடையாது. அம்மாகூட, "கழுதை, சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுவாள். பெரும்பாலும் அது நான்தான். அழுதுகொண்டே போய்ச் சாப்பிடுவேன்.

அவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அதே வீட்டில் நான் ஒண்டி. சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் பழைய கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தை எழுதிக் கொடுத்திருக்கிறான். கறுப்புத் திரையில் படம் எதுவும் இல்லை, வெறும் எழுத்துதான். நான் சீட்டின் எண்ணைத் தட்டினால், பதிலுக்கு அது ஒன்றைப் போடும். நான் தோற்றதும், "நீங்கள் தோற்றுவிட்டீர்கள், நன்றி" என்று மலாய் மொழியில் காட்டும். தோற்றவனுக்கு எதற்கு நன்றி? எரிச்சல்தான் வரும்.

நேற்று வழக்கம்போல முதலில் பெயர் கேட்டது. எப்போதும் எதுவும் போடாமல் தாண்டிவிடுவேன். கோபத்தில், ஆங்கில எழுத்தில் 'கழுதை' என்று தட்டினேன். ஆட்டம் முடிந்தது. "கழுதை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள்" என்றது திரை.

எழுந்து போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு, யாரோ கூப்பிட்டுச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.