இடது முட்டிக்கு ஒரு சீட்டு

ஸ்லிவ்னா ஊர் ஆஸ்பத்திரியில் யார்மிலா இருபத்தேழு வருஷமாக நர்ஸ். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தபாலாபீஸுக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். முன்னறையில் பதினொரு நாற்காலிகளும் ஒரு சின்ன ஜன்னலும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார்மிலா. அவளுக்குப் பின்னால் உள்ளறையில் டாக்டர் ஹவ்ரானெக்.

டாக்டர் கைராசிக்காரர். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார். காதுதான் போய்விட்டது. மகள் வாங்கிக் கொடுத்த காதுக்கருவி மேஜை டிராயரில் கிடந்து தானாக விசிலடித்துக்கொண்டிருக்கும். நோயாளி சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள, அதையே உரக்கத் திருப்பிச் சொல்வது அவர் வழக்கம். உள்ளறைக் கதவோ அட்டை மாதிரி மெல்லிசு.

ஒரு பிப்ரவரி மாதம் ஊரே காய்ச்சலில் கிடந்தது. பதினொரு நாற்காலிகளும் நிறைந்திருந்த அந்தக் காலையில்தான் டிராக்டர் மெக்கானிக் தோமன் உள்ளே போனான். வயது நாற்பத்திரண்டு. ஆள் ஆஜானுபாகு. உள்ளே போய் என்னவோ முணுமுணுத்தான்.

"எழும்பலையா?" என்றார் டாக்டர். "காலையிலயா, ராத்திரியிலயா?"

மறுபடி முணுமுணுப்பு.

"ரெண்டு வேளையும் எழும்பலையா? அப்ப வேலைக்கு எப்படிய்யா போற?"

முன்னறையில் பதினொரு பேரும் ஒரே சமயத்தில் இருமலை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் தோமன் கையில் இரும்புச்சத்து மாத்திரையோடு வெளியே வந்து யாரையும் பார்க்காமல் படியிறங்கினான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் கடைத்தெரு வழியாகப் போகவே இல்லை. திராட்சைத் தோட்டத்துப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

யார்மிலாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மளிகைக் கடையில் வினிகர் ஜாடிகள் அடுக்கியிருந்த மூலையில் அவனை மடக்கிவிட்டாள்.

"டாக்டருக்குத்தான் காது இல்ல தோமன். எனக்கு இருக்கு."

"விட்டுடுங்க சிஸ்டர். மாத்திரைதான் சாப்பிடுறேனே."

"அந்த மாத்திரை அதுக்கு இல்லப்பா. பிர்னோ டவுன் பெரியாஸ்பத்திரில இதுக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கு. நாங்க சீட்டு எழுதிக் கொடுத்தா பார்ப்பாங்க."

"சரி. உங்க ஜன்னல்ல வந்து நின்னு நான் என்னன்னு கேக்குறது?"

யார்மிலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பீர் பெட்டி மேல் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இடது முட்டி வலிக்குதுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்குறேன்."

தோமன் இதை ஒரே ஒரு சிநேகிதனிடம்தான் சொன்னான். திராட்சை அறுவடை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதிசயம் என்னவென்றால் யாரும் சிரிக்கவில்லை. என்றைக்காவது நமக்கும் தேவைப்படலாம் என்ற யோசனையாக இருக்கும்.

டாக்டர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. முதல் சீட்டைப் பார்த்ததும் "பிர்னோவுக்கா?" என்று ஆரம்பித்தார். யார்மிலா ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் விஷயத்தை எழுதி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதவைப் பார்த்து, "ஆமா, முட்டிதான்," என்று கத்தினார்.

அன்றிலிருந்து ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. உள்ளே கேள்வியும் பதிலும் காகிதத்தில் நடக்கும். எப்போதிலிருந்து, சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்புக்கு என்ன மாத்திரை, குடி எவ்வளவு, தூக்கம் எப்படி, வீட்டில் பேசியாகிவிட்டதா. வாய் மட்டும் முன்னறைக்காகத் தனியே வேலை செய்யும். "மடக்கு. நீட்டு. படி ஏறும்போது எப்படி இருக்கு?" சின்னச் சுத்தியலால் முட்டியில் இரண்டு தட்டும் தட்டுவார். யார்மிலா எல்லாவற்றையும் ஒழுங்காகத் தட்டச்சு செய்து சீட்டோடு சேர்த்து அனுப்புவாள். இவ்வளவு விவரமாக வேறு எந்த ஊரிலிருந்தும் கடிதம் வருவதில்லை என்று பிர்னோவிலிருந்து பாராட்டி எழுதினார்கள்.

ஆண்கள்தான் வந்தார்கள் என்றில்லை. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக வலியோடு இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். அதற்குமுன் பார்த்த மருத்துவர், ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டுப் படு என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். அவள் ஜன்னலில் "இடது முட்டி" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டாள்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மெதொதேய் என்று எழுபத்தொரு வயதுக் கிழவர், ஆப்ரிகாட் பறிக்க ஏணியில் ஏறி விழுந்துவிட்டார். நொண்டிக்கொண்டே வந்து வலது முட்டி வலிக்கிறது என்றார். டாக்டர் வலது முட்டியைப் பிசைந்து பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். இளங்காளையின் முட்டி மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது யார்மிலா ஜன்னலைவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"மெதொதேய் மாமா, உங்களுக்கு வீங்கியிருக்கிறது இடது முட்டி. முட்டைக்கோஸ் கணக்கா இருக்கு."

"வலதுன்னே எழுதும்மா."

"ஏன் மாமா?"

கிழவர் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரி போயி எட்டு வருஷம் ஆச்சு. இப்ப நான் இடதுன்னு சொன்னா, யாருக்காகன்னு ஊர் கேக்குமா, கேக்காதா?"

கடைசியில் அவரைப் பக்கத்து ஊர் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே இடதுக்கு இடது என்றே அர்த்தம்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. பிறகு இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெயர் வித்லாக். ஆயிரத்து முந்நூறு பேர் உள்ள ஊரிலிருந்து பாலியல் மருத்துவத்துக்கு முப்பத்தெட்டு பேர். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஊரிலும் இரண்டு பேரைத் தாண்டவில்லை. தண்ணீரில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று விசாரிக்க வந்தவர், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க முன்னறையில் உட்கார்ந்தார். பழக்கமில்லாத முகங்களோடு நாலு வார்த்தை பேசலாம் என்று நினைத்து, காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ரயில்ல உக்காந்து வந்ததுல இந்த இடது முட்டி உயிர எடுக்குது."

பக்கத்திலிருந்த அம்மாள் தன் முறையை அவருக்கு விட்டுக் கொடுத்தாள். அடுத்தவரும் விட்டுக் கொடுத்தார். ஒயின் வியாபாரி ஒருவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்து, "சின்ன வயசுதான், கவலப்படாதீங்க. பிர்னோல நல்லாப் பாக்குறாங்க. எனக்கே சரியாயிடுச்சு," என்றார்.

"முட்டியா?" என்றார் வித்லாக்.

"முட்டிதான்," என்றார் வியாபாரி.

உள்ளே போன வித்லாக் இரண்டு மணி நேரம் பதிவேடுகளைப் புரட்டினார். அவருக்கு முப்பத்தெட்டைவிடப் பெரிய புதிர் ஒன்று அகப்பட்டது. ஆறு வருஷத்தில் ஸ்லிவ்னாவில் ஒருவருக்குக்கூட இடது முட்டிக்கு வைத்தியம் நடக்கவில்லை. வலது முட்டிகள் மட்டும் கணக்கில்லாமல் கெட்டுப்போயிருந்தன. யார்மிலா கையைக் கட்டிக்கொண்டு நின்று உண்மையைச் சொன்னாள். அவர் மடியிலிருந்த பாட்டிலை ஒருமுறை பார்த்தார். பிறகு, இந்த ஊரில் இடது முட்டிகள் பொதுவாக நல்ல நிலையில் உள்ளன என்று அறிக்கையில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரந்தான் யார்மிலாவின் புருஷன் போஹூஷ், உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"இடது முட்டி வலிக்குது."

யார்மிலா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். போஹூஷ் கல் குவாரியில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் குவாரியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே கட்டிலில் இரண்டு ரயில் பயணிகள் மாதிரி படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

"முட்டின்னா?" என்றாள்.

"முட்டின்னா முட்டிதான்."

ஊரில் முப்பத்தெட்டு பேரிடம் கூச்சமில்லாமல் விவரம் கேட்டவளுக்கு இந்த ஒரு ஆளிடம் கேட்க நாக்கு வரவில்லை. அலமாரியிலிருந்து குதிரைத் தைலத்தை எடுத்துவந்து அவன் முட்டியில் தேய்த்தாள். அவனும் தேய்க்க விட்டான். மறுநாளும் தேய்த்தாள். ஒரு வாரம் வீடு முழுக்கக் கற்பூர வாசனை.

"இப்ப பரவால்லையா?"

"முட்டி பரவால்ல," என்றான்.

திங்கட்கிழமை காலை முன்னறை நிறைந்திருந்தது. யார்மிலா ஜன்னலைத் திறந்தாள். மூன்றாவது ஆளாக போஹூஷ் நின்றிருந்தான். முகம் மழித்து, கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தான். இன்சூரன்ஸ் கார்டை இரண்டு விரலால் நீட்டினான்.

"சிஸ்டர், இடது முட்டி வலிக்குது."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஊரே தரையையும் பார்த்துக்கொண்டிருந்தது. யார்மிலாவுக்குக் கழுத்துவரை சூடு ஏறியது. முதலில் கோபந்தான் வந்தது, இதை வீட்டில் சொல்லக் கூடாதா என்று. சொல்லித்தான் பார்த்தான், தைலம் தேய்த்தவள் நான்தானே என்று அப்புறம் தோன்றியது. கார்டை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" என்று எல்லோரிடமும் கேட்பதைப்போலக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா சிஸ்டர்."

"உக்காருங்க. கூப்பிடுறேன்."

அவனுக்கு மூன்று பேர் நாற்காலி கொடுத்தார்கள்.

உள்ளே டாக்டர் சுத்தியலால் தட்டினார். மடக்கு என்றார், நீட்டு என்றார். காகிதத்தில் வீட்டில் பேசியாகிவிட்டதா என்ற கேள்விக்கு போஹூஷ், "இப்போதுதான்" என்று எழுதினான். சீட்டில் கூட வருபவர் பெயர் என்ற இடத்தில் யார்மிலா தன் பெயரைத் தட்டச்சு செய்தாள். இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது.

பிர்னோவில் அந்தப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் ஸ்லிவ்னாக்காரர்கள் மூன்று பேர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். யார்மிலாவைப் பார்த்ததும் மூவரும் தாளை மடித்துவிட்டு எழுந்து வணக்கம் சொன்னார்கள். அத்தனை மரியாதை அவளுக்கு ஊரில்கூடக் கிடைத்ததில்லை.

அங்கிருந்த டாக்டரம்மா இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். குவாரியை மூடின நாளிலிருந்து என்றான் போஹூஷ். புது மெத்தை வாங்கின நாளிலிருந்து என்றாள் யார்மிலா. டாக்டரம்மா இரண்டையும் எழுதிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஒரு மாத்திரையை மாற்றினார்கள். ஒரு மாதத்துக்கு ஒன்றும் முயற்சி செய்யக் கூடாது, பக்கத்தில் படுத்துப் பேச மட்டும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் வாரம் மெத்தையைப் பற்றியே சண்டை போட்டார்கள். இரண்டாவது வாரம் போஹூஷ் குவாரியின் கடைசி நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிக்க நாலு நாள் ஆயிற்று.

ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் ரயிலேறி எட்டு தடவை போனார்கள். மெத்தையை விற்றுவிட்டார்கள். போஹூஷுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலையும் கிடைத்தது. எதனால் சரியாயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மே மாதம் டாக்டரம்மா இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

யார்மிலா வியாழக்கிழமை லீவை மட்டும் விடவில்லை. இன்னும் இருவரும் ரயிலேறி பிர்னோவுக்குப் போகிறார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே பொரித்த சீஸ் சாப்பிடுகிறார்கள். செருப்புக் கடைகளை வேடிக்கை பார்த்துவிட்டு ஐந்து மணி வண்டியில் திரும்புகிறார்கள். ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பாவம், இன்னும் குணமாகவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களாம்.