திக்கித் திக்கி ஓடிய கார்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று இருபதுக்கு மகளின் கார் முதன்முதலாகத் திக்கியது. அடுப்படியில் நின்ற எனக்கு அது அவளுடைய குரலில்தான் தெரிந்தது.

"நானா, நில்லுங்க, எனக்கு ஸ்டக் ஆகுது. இப்ப ஓடுது. இல்ல, திரும்பவும் நிண்டுட்டு."

அவளுடைய நானா, என் மூத்த மகன், கட்டாரில் வேலை செய்கிறான். போக விருப்பமில்லாதவனை நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். விமான நிலையத்தில் வாப்பாவுக்கும் தங்கைக்கும் ஸலாம் சொன்னவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு எனக்கு ஓர் அழைப்பும் வந்ததில்லை. ஆனால் வெள்ளிதோறும், அங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, அவன் தன் அறையிலும் இவள் எங்கள் முன்னறையிலும் உட்கார்ந்து கார் ஓட்டப் பந்தயம் விளையாடுவார்கள். அவன் பேசுவது இவள் காதில் மாட்டியதற்குள் போய்விடும். இவள் சொல்வது மட்டும் எனக்குக் கேட்கும். "காய்ச்சல் விட்டுட்டா?" "ராவும் நூடில்ஸா?" மகனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பாதிக் கதைதான்.

அதுதான் அன்று அறுபடத் தொடங்கியது. கார் திக்கும்போது அவனுடைய குரலும் துண்டு துண்டாக வந்ததாம்.

மகள் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள். ரோட்டோரத்து மரங்களின் நிழலை எடுத்தாள். பிறகு மரங்களையே குறைத்தாள். படத்தைச் சிறிதாக்கினாள், விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினாள். கார் மொட்டைத் தரையில் ஓடியது. அப்போதும் பத்து நிமிடத்தில் திக்கியது.

கொம்பியூட்டர் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனேன். திருத்துகிறவர் அதன் பக்கத் தகட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அதே விளையாட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"இதுல ஒரு பிழையும் இல்ல, டீச்சர். வீட்டுல உங்களுக்குப் பயந்துதான் நிக்குது போல," என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. மறைக்கவில்லை, சொல்ல வேண்டியதென்று தோன்றவில்லை. சோளகம் தொடங்கியிருந்தது. உப்பளத்தின் மேலால் வரும் அந்தக் காற்று எங்கள் பகுதியில் இரும்பாக எதையும் விட்டுவைக்காது. முந்தைய வருடம் தொலைக்காட்சிக்குக் கறள் பிடித்துப் போனது. அதனால் கார் திக்குவதற்கு முதல் நாள், பெட்டியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன். பின்பலகையில் கறையான் தின்ற ஓட்டையைக் கத்தியால் பெரிதாக்கி வயர்களை வெளியே எடுத்தேன். பெட்டியைத் துணியால் போர்த்திக் கதவைப் பூட்டினேன்.

"உம்மா, அதுக்குக் காத்து வேணும்," என்றாள் மகள்.

"இந்த உப்புக் காத்தா? வாயப் பொத்து."

தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து துரத்தியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் குடும்பத்தின் கையில் வந்தது ஒரு பை. அதன் பிறகு இங்கே வந்த எங்கள் சனத்தின் வீடுகளில், போய்விடக் கூடாத எதுவும் பூட்டுள்ள அலுமாரிக்குள்தான் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், சோதனைப் பெறுபேறு. அவற்றோடு அந்தப் பெட்டியையும் வைத்தேன், புத்தளத்திலிருந்து கொண்டுவந்த பிறகும். மகனின் குரல் வருகிற பெட்டியல்லவா.

மூன்றாவது வெள்ளி மகள், "ஓம். ஓம், நானா. சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினாள்.

"என்ன சொன்னான்?"

"'விளையாடினது காணும், வெச்சிட்டுப் போ' எண்டார்."

அதற்குப் பிறகு அவன் விளையாட வரவில்லை.

ஒரு பகல், மகள் சும்மா ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று அலுமாரியைத் திறந்தாள். கை பெட்டியில் பட்டதும் வெடுக்கென்று எடுத்தாள்.

"உம்மா, இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க."

பாண் சுடும் போறணையின் வாயைத் திறந்தது போல வெக்கை முகத்தில் அடித்தது. போர்த்திய துணி விசிறியோடு ஒட்டிக் கிடந்தது. பெட்டியை வெளியே எடுத்து, ஜன்னலிலிருந்து எட்டத்தில் ஒரு கதிரையில் வைத்தோம். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை கார் ஒரு தடவையும் திக்கவில்லை. மரங்களையும் அவற்றின் நிழலையும் மகள் திரும்பக் கொண்டுவந்தாள். தரம் எட்டுக்கு வெப்பம் படிப்பிக்கிற ஆசிரியை நான். அடைத்த பெட்டிக்குள் சூடு எங்கே போகும் என்று வருடாவருடம் பிள்ளைகளிடம் கேட்கிறவள்.

"நானா, சரியாகிட்டு, வாங்க," என்று அவள் செய்தி அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான். பதில் இல்லை. நான்கு வெள்ளிகள் திரைக்கு முன்னால் காத்திருந்தாள். நான்கு வெள்ளிகளும் நான் அடுப்படியில் நின்றேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கு முன்னால் ஒரு பின்னேரம், எத்தாளை ஊரைச் சேர்ந்த ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். கட்டாரில் மகனோடு ஒரே அறையில் இருப்பவர், லீவில் வந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, மகன் ஏன் விளையாட வருவதில்லை என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குறை நினைக்காதீங்க, டீச்சர். கொம்பியூட்டர் பழுதெண்டு தங்கச்சி சொன்னத அவன் நம்பல்ல. 'உம்மாதான் வயரக் கழட்டுறா. ஏ.எல். சோதனை நேரம் எனக்கும் அப்படித்தான் செஞ்சா' எண்டான். தங்கச்சிக்கு ஏச்சு விழ வேணாமெண்டு லெப்டொப்ப ரூமில இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டான்."