சமாதி மேட்டுப் புல்

"புல்லு வெட்டுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று என்னிடம் கேட்ட ஆட்கள் நிறைய. கல்யாண வீட்டில் கேட்பார்கள். கோயில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் கடை போட்டு மூடிவிட்டார்கள், மீதிப் பேர் எவனிடமோ வேலை பார்த்துக்கொண்டு அவனையே திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறோம். பினாங்கில் புல்லுக்கு லீவு கிடையாது. மழைக்கும் வளரும், வெயிலுக்கும் வளரும், எந்தக் கட்சி ஜெயித்தாலும் வளரும்.

வெட்டுவது பெரிய வித்தை இல்லை. மெஷினைத் தோளில் மாட்டத் தெரிந்த எவனும் வெட்டுவான். வெட்டிய வீட்டுக்காரன் அடுத்த மாதமும் கேட்டைத் திறந்துவிட வேண்டும், அதற்கடுத்த வருஷமும் திறந்துவிட வேண்டும். அதுதான் தொழில். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. என் சித்தப்பா ஒரு சீனரின் சமாதியை நாசம் பண்ணினார். அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அதுவும் உடனே இல்லை.

அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. அம்மா ஃபேக்டரிக்குப் போனார். அப்பாவிடம் ஒரு பழைய வேனும் புல் வெட்டும் மெஷின்கள் இரண்டும் இருந்தன. கெடாவில் செம்பனைத் தோட்டத்தில் புல்லைக் கொல்லும் மருந்து அடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, அந்த வேலை போனதும் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு சேர்ந்துகொண்டார். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் ஒரு ரோடு முழுக்க பங்களா வீடுகள். எல்லாம் அப்பா கைவசம். முதலில் ஒரு சீன அம்மாள் வீடுதான் கிடைத்தது. அவர் நாத்தனாரிடம் சொன்னார், நாத்தனார் பக்கத்து வீட்டில் சொன்னார், அப்படியே ரோடு முழுக்க வந்துவிட்டது. எங்கள் வீட்டு அரிசி, வேனின் மாதத் தவணை, என் டியூஷன் எல்லாம் அந்த ரோட்டுப் புல்லில்தான் ஓடின.

செங் பெங் நெருங்கியது. சீனர்கள் குடும்பத்தோடு முன்னோர் சமாதிக்குப் போய்க் கும்பிடுகிற நாள். அதற்கு முன்னால் இடுகாட்டு மலையெல்லாம் புல் வெட்டியாக வேண்டும், அதற்கு ஆள் தேடுவார்கள். அங்கே காவல் பார்க்கிற ஆள் சித்தப்பாவைப் பிடித்துவிட்டார். சித்தப்பா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஆரம்பித்தார்.

"அண்ணே, நீ வீடு வீடா வெட்டி என்னா கண்ட? செத்தவன் வீட்டுப் புல்லுக்குத்தான் நல்ல காசு. வாயத் தொறந்து கம்ப்ளைண்டும் பண்ண மாட்டான்லா."

"செத்தவன் வருசத்துக்கு ஒரு வாட்டிதான் கூப்புடுவான். உயிரோட இருக்கிறவன் வீட்டுல மழ பேஞ்சா மறு வாரமே கூப்புடுவான். எது சோறு போடும்?"

"ரெண்டும் போடட்டுமே!"

"அண்ணனும் தம்பியும் வாயாலயே ஒரு பாடாங் புல்ல வெட்டிருவீங்க போல" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். திடல் அளவுக்குப் பேச்சு என்று அர்த்தம்.

கடைசியில் அப்பா வேனையும் ஒரு மெஷினையும் கொடுத்து அனுப்பினார். அப்பா மோட்டார் சைக்கிளில் இன்னொரு மெஷினைக் கட்டிக்கொண்டு பங்களாக்களுக்குப் போனார். எனக்குப் பள்ளி விடுமுறை. சித்தப்பாவோடு மலைக்குப் போனேன். அப்பாவோடு போனால் வாயைத் திறக்கக் கூடாது, சித்தப்பா பாட்டுப் பாடுவார், ஐஸ் காச்சாங் வாங்கித் தருவார். யாரோடு போவேன்?

சித்தப்பா சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். நன்றாகத்தான் வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மேகம் கட்டியிருந்தது. "இது பேஞ்சா மறுபடியும் மொளச்சிரும். சாமி கும்புட வர்ற அன்னைக்கு அசிங்கமா இருக்கும்" என்றார். வேனிலிருந்து மருந்து டப்பாவை எடுத்து முதுகில் மாட்டினார். சமாதிக் கல்லுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டில் நின்று ஒரு மூலை விடாமல் அடித்தார். தோட்டத்தில் அவர் கற்றது அதுதான். அங்கே செம்பனை மரத்தைச் சுற்றி ஒரு பச்சை தெரியாமல் வட்டமாகக் காய்ந்து கிடந்தால் கங்காணி பாராட்டுவார். பச்சை தெரிந்தால் ஏச்சு. அவருக்குச் சுத்தம் என்றால் செத்த புல். ஆசையாசையாய் அடித்தார். மற்ற சமாதிகளுக்கு மருந்து பத்தவில்லை. அந்த ஒன்று மட்டும் பெரியது, பணக்காரர் சமாதி, அதற்குத்தான் முழு மரியாதையும் கிடைத்தது.

செங் பெங் ஞாயிறு காலையில் அப்பாவின் கைப்பேசி அடித்தது. பேசியது அந்த முதல் பங்களாவின் அம்மாள். சமாதி அவருடைய மாமனாருடையது. மேடு காய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் காவல்காரரைப் பிடித்து யார் வேலை என்று கேட்டிருக்கிறார். அவர் எங்கள் வேனில் எழுதியிருந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார். அதை அழுத்தினால் அவருடைய போனில் ஏற்கெனவே இருக்கிற நம்பர்.

அம்மாவுக்குக் காலை ஷிப்ட். அதனால் அப்பா என்னையும் சித்தப்பாவோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மலையில் அந்தக் குடும்பமே நின்றது. ஊதுபத்தி, பன்றி ரோஸ்ட், ஆரஞ்சு, கலர் காகிதம் எல்லாம் தயார். நடுவில் மேடு மட்டும் கருகிய வைக்கோல் மாதிரி கிடந்தது. சமாதியில் புல் பச்சையாக நின்றால்தான் பிள்ளைகள் வீட்டில் செல்வம் நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது சித்தப்பாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். சமாதியில் மருந்து அடிப்பான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"செமுவா மாத்தி!" என்று அந்த அம்மாள் மலாயில் கத்தினார். எல்லாம் செத்துப்போச்சாம். அவருடைய வயதான மாமியார் காய்ந்த புல்லைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

சித்தப்பா மழை, முளைப்பு என்று ஏதோ ஆரம்பித்தார். அப்பா "நீ வாய மூடு" என்றார். அப்புறம் அந்த அம்மாளிடம் திரும்பி, அவன் என் ஆள், அடித்த மருந்து என்னுடையது, குற்றமும் என்னுடையது என்று மலாயில் சொன்னார். சித்தப்பாவை முன்னால் தள்ளிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தள்ளவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

இனிமேல் வீட்டுப் பக்கம் வராதே என்றார் அந்த அம்மாள். அந்த வாரமே நாத்தனார் வேண்டாம் என்றார், பக்கத்து வீடு வேண்டாம் என்றது. எப்படி வந்ததோ அப்படியே அந்த ரோடு போனது. என் டியூஷன் நின்றது. அம்மா ஓவர்டைம் செய்தார்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? நர்சரிக்குப் போய்ப் பத்தை பத்தையாய்ப் புல் வாங்கினார். சித்தப்பாவை இழுத்துக்கொண்டு மலைக்குப் போய்ச் செத்த புல்லைச் சுரண்டி, மருந்து ஊறிய மேல்மண்ணை வாரிப் போட்டு, புது மண் கொட்டிப் பத்தைகளைப் பதித்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரப்போவதும் இல்லை. அந்த வருஷம் பார்த்து மழையும் ஏமாற்றியது. சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் தோம்பு வாளிகளில் தண்ணீர் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவார்கள். நானும் சில நாள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"வருசத்துக்கு ஒரு வாட்டின்னியே அண்ணே. இப்பப் பாரு, செத்தவன் தெனமும் கூப்புடுறான்" என்றார் சித்தப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நீதான அவன எழுப்பிவிட்ட. நட."

அந்த அம்மாளுக்கு போன் போட்டுச் சொல்லலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "வாயால கேட்டா வாயாலயே வேணாம்பாங்க" என்றார். அதோடு சரி. எனக்குக் கோபமான கோபம். தப்புச் செய்தது ஒருத்தர், தண்ணீர் சுமப்பது இரண்டு பேர், இதில் அந்த அம்மாளுக்குத் தகவல்கூடக் கிடையாது. இவர் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன்.

அந்த மாமனாரின் திதி வந்திருக்கும் போல. குடும்பம் மறுபடி மலைக்குப் போயிருக்கிறது. மேடு பச்சையாக நிற்பதைப் பார்த்து, யார் வேலை என்று காவல்காரரிடம் மறுபடி கேட்டிருப்பார்கள். அன்று மத்தியானம் போன் வந்தது. நன்றி கின்றி எதுவும் இல்லை. வேறு ஆளை வைத்தேன், பைப்பை உடைத்துவிட்டுப் போய்விட்டான், வாசல் காடாகக் கிடக்கிறது, சனிக்கிழமை வா என்று அந்த அம்மாள் சொல்ல, அப்பா சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அப்பா போகவில்லை. வேன் சாவியையும் நல்ல மெஷினையும் சித்தப்பா கையில் கொடுத்தார். இனிமேல் அந்த வீடும் அதன் வரும்படியும் உன்னுடையது, ரோட்டில் மற்ற வீடுகள் திரும்பி வந்தால் அதுவும் உன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். இதை அம்மா வெகுநாள் கழித்துச் சொன்னார். மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக வந்தன. அப்பா ஆயிர் ஈத்தாம் பக்கம் புதிதாக வீடு வீடாகக் கேட்டு ஏறி இறங்கித் தனக்கு வேறு ரோடு பிடித்தார். அதைத்தான் இன்று நான் ஆள் வைத்து நடத்துகிறேன். தண்ணீர்மலை ரோட்டில் சித்தப்பா மகன்கள் வெட்டுகிறார்கள். இரண்டு குடும்பமும் யாரிடமும் கை நீட்டியதில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மாடிப்படியில் நான் பார்த்தது மட்டும்தான்.

"அண்ணே, என்னையப் பாத்தா அந்த அம்மா வெட்டிப் போட்ரும்லா" என்றார் சித்தப்பா.

"அது உன்ன வெட்டட்டும். நீ புல்ல வெட்டு."

சரியாக மாட்டினார் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கடைசியில் அப்பாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது, திட்டு வாங்குவதற்கென்றே ஆளை அனுப்புகிறார். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் கீழே ஓடினேன். சித்தப்பா வியர்வையோடு இறங்கினார்.

"திட்டுச்சா சித்தப்பா?"

"காது கிழியிற அளவுக்கு. அடுத்த மாசமும் வரச் சொல்லிருக்கு."

மேலே போய் அப்பாவிடம் சொன்னேன், அடுத்த மாதமும் சித்தப்பாவையே அனுப்புங்கள், நன்றாகத் திட்டு வாங்கட்டும் என்று. அப்பா அபூர்வமாகச் சிரித்தார்.

"அடுத்த மாசம் மட்டும் இல்ல. ஆயுசுக்கும் அவன்தான் போவான்."

ஆயுசுக்குமா! ஒரு சமாதிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எனக்கே சித்தப்பாமேல் பாவமாகிவிட்டது.